நின்றுகொண்டே இருந்த விசிட்டரம்மா

எங்கள் ஆபீசில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பிரம்பு பின்னிய, கை வைத்த நல்ல நாற்காலி. நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அதில் அவருடைய குடையும் துணிப்பையும்தான் உட்கார்ந்திருந்தன. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். நின்றபடியே எழுதுவார், நின்றபடியே சாப்பிடுவார். மேனேஜர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அந்தக் குடைக்குச் சம்பளம் போடலாம் போலிருக்கு, அதுதான் ஒழுங்கா உக்காந்து வேலை பார்க்குது" என்றார். விசிட்டரம்மா சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்க்கட்டில் இருந்தது ஆபீஸ். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை ஏற்றுமதியில் சம்பாதித்த ஒரு குடும்பம், படிப்புக்கும் ஊர்க் காரியங்களுக்கும் கொடுப்பதற்காக வைத்த டிரஸ்ட். ஜனங்களுக்கு அது தர்மத்து ஆபீஸ். அறுபதுகளில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும், உள்ளே புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் எங்களுக்கு மனு எழுதாத தெரு கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேண்டும், பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வேண்டும், பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டும். எந்த மனு வந்தாலும் ஓர் ஆள் நேரில் போய்ப் பார்த்துவந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் மேலே போகும். அந்த ஆள்தான் விசிட்டரம்மா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இப்போது சொல்லப்போவதில்லை. நான் அங்கே டைப்பிஸ்ட். அவர் எழுதி வருவதை அடித்து மேலே வைப்பது என் வேலை.

முன்பு அந்த வேலையில் ஓர் ஆண் இருந்தாராம். பரங்கிப்பேட்டைக்குப் போனால் அவர் வாசலோடு திரும்ப வேண்டியிருந்தது. அங்கே பாதி வீடுகளில் ஆண்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். உள்ளே பெண்கள் மட்டும். வாசலில் நின்று கேட்டதை எழுதி என்ன பிரயோஜனம்? ஆகவே ஒரு பெண்ணாகப் பார்த்து வைத்தார்கள். சிதம்பரத்தில் எலிமெண்டரி ஸ்கூல் டீச்சராக இருந்து விலகியவர், தம்பி குடும்பத்தோடு கீழவீதிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தார். தினமும் காலை பாசஞ்சரில் வருவார். ஒல்லியான உருவம். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு சுருண்டு பச்சையாக நிற்கும். நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஏன் உட்கார மாட்டேன் என்கிறீர்கள் என்று நான் ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"உக்காந்தா டீ வரும்" என்றார். "டீ வந்தா சர்க்கரை பக்கத்து வீட்லேர்ந்து வரும். ரேஷன் சர்க்கரை. அந்த வீட்டுக் கொழந்தைக்கு வச்சிருந்தது. அதைக் குடிச்சிட்டு நான் எப்படிம்மா இவங்க கஷ்டத்தை எழுதறது?"

"இது ஆபீஸ்தானே? இங்கே யார் டீ கொடுக்கப் போறாங்க?"

"ஒரு எடத்துல உக்காந்து பழகிட்டா எல்லா எடத்துலயும் உக்காரத் தோணும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல மனுஷர்களோடு வேலை பார்ப்பதில் இந்த ஒரு சங்கடம் உண்டு. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏதோ குற்றம் செய்த மாதிரி ஆகிவிடும்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். கேட்டதை எழுத மாட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் நாலைந்து பெரிய மனிதர்கள் சேர்ந்து, வாசகசாலைக்கு இன்னும் இரண்டு அலமாரி புத்தகம் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நாட்டின் எதிர்காலம், இளைஞர்களின் அறிவு, எல்லாம் அதில் இருந்தது. இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே வரி எழுதினார்: 'இருக்கிற அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் நின்ற இரண்டு மணி நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை.' மேனேஜர் அதை மூன்று தடவை படித்துவிட்டு, "இதை எப்படிம்மா மேல அனுப்பறது?" என்று என்னைக் கேட்டார். நான் அடித்துக் கொடுத்தேன். அனுப்பினார்.

புவனகிரியில் நடந்தது வேறு மாதிரி. ஒரு விதவை, தன் பையனுக்கு மனு போட்டிருந்தாள். விசிட்டரம்மா வருகிற தேதி எப்படியோ தெரிந்து, வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஏழ்மை போதாது என்று பயம். இவர் உள்ளே நின்று தரையைப் பார்த்தார். குடம் வைத்த இடத்தில் வட்டம் வட்டமாகத் தடம்.

"போயி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாம்மா" என்றாராம். "குடம் இருக்கறவ புள்ளைக்கும் படிப்பு வேணும்தானே? நீ கொண்டு வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வந்து அடுக்கினாள். இவர் எண்ணி எழுதிக்கொண்டார். அந்தப் பையனுக்கு உதவி கிடைத்தது. கிடைக்கும்படி இவர் ஒன்றும் எழுதவில்லை. பாத்திரக் கணக்கும், கூரையில் எத்தனை இடத்தில் வானம் தெரிந்தது என்பதும் மட்டும்தான் அதில் இருந்தன.

இப்படிப்பட்டவரைத்தான் டிரஸ்டின் ஒரு விதி வருஷக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தது.

டிரஸ்ட் வைத்த பெரியவர் சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். அதனால் படிப்புக்கான உதவி தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகளுக்கு மட்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டுப் போயிருந்தார். விசாரணை ஃபாரத்தில் நாலாவது கட்டம், 'தகப்பனார் காலமான விவரம்'. அது காலியாக இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். பரங்கிப்பேட்டையில் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாத வீடுகள் நிறைய இருந்தன. பிழைப்பு தேடிச் சபுராளியாகக் கப்பல் ஏறிப் போனவர்கள். முதலில் மாதா மாதம் கடிதம், பிறகு பெருநாளைக்குப் பெருநாள், பிறகு ஒன்றுமில்லை. செத்ததாகவும் தகவல் இல்லை, இருப்பதாகவும் தகவல் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்க முடியாது. வருஷா வருஷம் விசிட்டரம்மா போய், நின்று, பார்த்து, 'இல்லை' என்று சொல்லிவிட்டு வருவார்.

கடைசி வருஷம் அவர் கால் மிகவும் மோசமாக இருந்ததால், பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகும்படி மேனேஜர் என்னை அனுப்பினார். பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கிக் குதிரை வண்டியில் போனோம். ஒரு நீளமான தெருவின் கடைசியில் அந்த வீடு. அம்மாவும் பெண்ணும் மட்டும். பெண் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தாள். கடலூரில் டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல், புத்தகம், துணிமணி எல்லாமாக இரண்டு வருஷம் தாங்க அவர்களுக்கு வழியில்லை.

"எங்க தெருவுல பொட்டப்புள்ளைங்க அஞ்சாங்கிளாசோட நின்னுடுதுங்க டீச்சரம்மா" என்றார் அந்த அம்மாள். "மேல படிக்க வைக்கப் பொம்பள டீச்சர் இல்ல. இவ படிச்சிட்டு வந்தா இருக்கற அத்தன புள்ளைங்களும் படிக்கும். இவளை விட்டா யாரு இருக்கா?"

பெண் கதவோரமாக நின்றுகொண்டு விசிட்டரம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா?" என்று தகப்பனாரைப் பற்றிக் கேட்டார் விசிட்டரம்மா.

"பினாங்குல. ஏழு வருஷமாத் தாக்கல் இல்ல, கடுதாசி இல்ல." பிறகு அந்த அம்மாள் அவசரமாகச் சொன்னார்: "ஹயாத்தோட, உசுரோடதான் இருக்காங்க. எனக்குத் தெரியும்."

விசிட்டரம்மா விதியைச் சொன்னார். எத்தனையோ வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். கெஞ்சவில்லை.

நான்தான் வாய் சும்மா இராமல், "காலமாயிட்டார்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா யாரு போயிப் பினாங்குல பார்க்கப் போறாங்க?" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை அதில்.

"மவுத்தாயிட்டாங்கன்னு என் வாயால சொன்னா, அன்னிலேர்ந்து நான் இத்தா இருக்கணும்மா. நாலு மாசம் பத்து நாள். அவுங்க எங்கயோ ஒரு எடத்துல சோறு தின்னுக்கிட்டு இருக்கறப்ப, நான் இங்க அவுங்களுக்குத் துக்கம் காக்கறதா? எம்மவ படிப்பு பெருசுதான். அதுக்காக அவுங்கள நான் சாகடிக்க மாட்டேன்."

நாங்கள் திரும்பினோம். பையை அவர் வீடு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்க நானும் சிதம்பரத்துக்கே ரயில் ஏறினேன். சாயங்கால பாசஞ்சரில் கூட்டமே இல்லை. பெட்டி முழுக்கக் காலி இருக்கை. விசிட்டரம்மா கதவுப் பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சிதம்பரம் வருவதற்குள் ஃபாரத்தை எழுதி முடித்துவிடுவது அவர் வழக்கம். அன்றும் அட்டையை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து எழுதினார். நாலாவது கட்டத்தில் பேனா நின்றது. ரொம்ப நேரம் நின்றது. வெளியே வெள்ளாறு போய்விட்டது, வயல் வந்துவிட்டது. பிறகு எழுதி, என்னிடம் நீட்டினார். 'பினாங்கில் காலமானார்.'

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அலுத்துப் போச்சும்மா" என்றார். "வருஷா வருஷம் அந்தத் தெருவுக்குப் போயி கையை விரிச்சுட்டு வர்றேன். எனக்கு அலுத்துப் போச்சு."

அந்த அம்மாளுக்குத் தெரியாது. பெண்ணுக்கும் தெரியாது. உதவி கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். இது வரைக்கும் எனக்கு அவர் மீது குற்றமே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாடா, இவரும் நம்மைப் போல ஒரு மனுஷிதான் என்று.

நாங்கள் இரண்டு பேருமே நினைத்துப் பார்க்காமல் விட்டது விழாவை.

வருஷத்துக்கு ஒரு நாள், பெரியவர் இறந்த திதியன்று, வீட்டு ஹாலில் வைத்துத்தான் பிள்ளைகளுக்கு உதவி கொடுப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு சடங்கு. பிள்ளைகளின் காலமான தகப்பன்மார் பெயர்களையெல்லாம் வரிசையாக வாசிப்பார்கள். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். தகப்பன்கள் பெயரை யாராவது ஒருவர் வருஷத்தில் ஒரு நாளாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. அந்தப் பட்டியலை வருஷா வருஷம் அடித்தவள் நான். வருஷா வருஷம் கேட்டவர் விசிட்டரம்மா. சோறு வடிப்பவளுக்கு ஆவி தெரியாமல் போவது போல, இருவருக்குமே அது மறந்துவிட்டது.

விழாவுக்கு நாலு நாள் முன்பு அவருக்கு ஞாபகம் வந்தது. வெயிலில் வியர்த்துப்போய் ஓடி வந்தார்.

"அந்தப் பேரைப் பட்டியல்ல விட்டுடும்மா. அந்தப் பொண்ணை மட்டும் அனுப்புங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்கம்மா கேக்கல. தனியா ரயில்ல அனுப்ப மாட்டாங்களாம். கூட வர்றாங்க."

விட்டுவிட்டேன். மறுநாள் மேனேஜர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "புள்ளைங்க இருபத்தொண்ணு. தகப்பன் இருபதுதான் இருக்கு. எங்கம்மா ஒண்ணு?" விரல் வைத்து எண்ணி, எது விட்டுப்போயிற்று என்று அவரே கண்டுபிடித்தார். நான் பேசாமல் அந்தப் பெயரை அடித்துச் சேர்த்தேன். அன்று சாயங்காலம் விசிட்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாள் அவர் ஊருக்குள் போய்விட்டார். அதற்கு மறுநாள், யார் கவனிக்கப் போகிறார்கள், இருபத்தொரு பெயரில் ஒரு பெயர் என்று இருந்துவிட்டேன். எத்தனை விதமாகச் சொன்னாலும் அது என் சோம்பல்தான்.

விழா அன்று ஹாலில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம். சுவர் ஓரமாக விசிட்டரம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு அந்த அம்மாள், பக்கத்தில் மகள். அவர்கள் ஊரிலிருந்து வேறு யாரும் அந்த வருஷம் வரவில்லை. வாசிக்கிற பெயர் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேராது, அந்த ஒன்றுதான் ஆறுதல்.

பெரியவருடைய மகன் காகிதத்தைப் பிரித்தார். எல்லாரும் எழுந்தோம். இரண்டு பெயர் வாசிப்பதற்குள் அழுகைச் சத்தம் அங்கங்கே கேட்டது. எப்போதும் கேட்பதுதான். அந்த அம்மாளும் மற்றவர்களுக்காக எழுந்து நின்று தலையைக் குனிந்திருந்தார். பன்னிரண்டாவது பெயரோ பதின்மூன்றாவதோ, சரியாக ஞாபகமில்லை.

"செய்யது காசிம், பரங்கிப்பேட்டை."

அந்த அம்மாளின் தலை நிமிர்ந்தது. சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு துப்பட்டியை இழுத்துக்கொண்டு, நின்றிருந்த அத்தனை பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். புருஷனுக்காக எழுந்து நிற்க மாட்டேன் என்று சொல்வதற்கு அந்த ஹாலில் வேறு வழி இல்லை.

விசிட்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜமக்காளத்தைப் பார்த்தேன். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் சுவரை விட்டு வந்தார். புடவையைக் கொசுவி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்க மாட்டாமல் மடங்க, அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் உட்கார்ந்து பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

மேனேஜர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து, புருஷன் நினைப்பில் அந்தம்மாவுக்கு மயக்கம் போலிருக்கிறது, விசிட்டரம்மா தாங்கிப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொல்லி உச்சுக்கொட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் பேச்சு காதில் விழுந்தது.

"நீங்க எழுதுனீங்களா?"

"நான்தான் எழுதினேன்."

"நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. நான் கேக்கல."

வாசிப்பு முடிந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் மகளின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். பெண்ணின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பெயர் வந்தது. யாரும் அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள் விசிட்டரம்மாவிடம். "போகச் சொல்லட்டா, வேணாமா?"

"அதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்லம்மா."

மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் அந்த அம்மாள் மகளின் கையை விட்டார்.

"போ. வாங்கிக்க. உங்க வாப்பா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்தப் பெண் போனாள். டிரெய்னிங் முடித்து அதே தெருவுக்கு டீச்சராக வந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கண்ணால் பார்க்கவில்லை. அவளுடைய வாப்பா வந்தாரா என்று தெரியாது, கேட்கத் தைரியமும் இல்லை. விசிட்டரம்மா மறுவாரமே வேலையை விட்டுவிட்டார். ராஜிநாமாவை நான்தான் அடித்தேன். 'இனிமேல் கால் முடியவில்லை' என்று மட்டும் எழுதச் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். வேறு எதை எழுதியிருந்தாலும் அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் கதவு மூடியிருக்கும். என்னை அவர் திட்டவில்லை. பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேனோ என்னவோ.

அன்றைக்கு விழா முடிந்து கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. விசிட்டரம்மா தரையில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றார். நான் இரண்டு அடி தூரத்தில் இருந்தேன், போயிருக்கலாம், எனக்குக் கால் வரவில்லை.

அந்த அம்மாள்தான் குனிந்து, துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டினார். "புடிச்சுக்கிடுங்க" என்றார். விசிட்டரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.